பழைய வாட்ச், புதுப் பெயின்ட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சாவி கொடுத்து ஓட்டும் பழைய வாட்சுகளை ஆன்லைனில் வாங்குகிறவர்கள் வட சென்னையில் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கவில்லை. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். ஒரே கேள்வியைக் கேட்டவர்களில் ஒருவர் கடிதம் மட்டும் இங்கே.

கேள்வி: முதல் சம்பளம் வந்திருக்கிறது. 3,000 ரூபாய்க்குள் ஒரு பழைய மெக்கானிக்கல் வாட்ச் வாங்க ஆசை. எதை வாங்கலாம்?
– ஆர்., கொருக்குப்பேட்டை

பதில்: எச்.எம்.டி. வாங்குங்கள் தம்பி. ஜனதா, பைலட் மாதிரி சாவி கொடுக்கிற 17 ஜூவல் (சக்கரங்களின் முனை சுழல உள்ளே வைக்கும் சின்னக் கற்கள்) மாடல் ஏதாவது ஒன்று. சுவிஸ் பெயர்களுக்கு ஆசைப்பட இன்னும் வயசு இருக்கிறது. எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. அப்புறம் பல காலம் நாட்டில் பாதிக் கல்யாண மாப்பிள்ளைகளின் கையில் அதுதான். அதனால் உதிரிபாகம் கிடைக்கும். பழைய ரிப்பேர்காரர்கள் அந்த மெஷினைப் பல தடவை பிரித்து மாட்டியிருப்பார்கள்.

ஆனால் 3,000-ஐயும் வாட்சிலேயே போட்டுவிடாதீர்கள். ‘நல்லா ஓடுது’ என்று விளம்பரத்தில் இருக்கும். ஓடத்தான் செய்யும். உள்ளே ஆயில் காய்ந்து பிசினாகி எத்தனை வருஷம் ஆனது என்பதுதான் தெரியாது. அப்படியே ஓட்டினால் சக்கரங்களின் முனை தேயும். வாட்சை 2,000-க்குள் முடித்துக்கொண்டு மிச்சத்தைச் சர்வீஸுக்கு வையுங்கள். அதைவிட முக்கியம், வாட்சைத் தேடுவதற்கு முன்னால் ரிப்பேர்காரரைத் தேடுங்கள். பாரிமுனை, தங்கசாலைப் பக்கம் விசாரித்தால் கண்ணில் லென்ஸ் மாட்டிய பெரியவர் யாராவது அகப்படுவார். பேட்டரி மட்டும் மாற்றுகிறவரா, மெஷினை முழுக்கப் பிரித்துக் கழுவி ஆயில் போடுகிறவரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வாட்சைக் கொடுக்கும்போது பின்மூடியைத் திறக்கச் சொல்லி, அவர் முன்னாலேயே மெஷினை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: டயலிலேயே ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதியிருக்கிறது. மழையில் கட்டிக்கொண்டு போகலாமா?
– வி., வியாசர்பாடி

பதில்: எழுதி 40, 50 வருஷம் இருக்கும். உள்ளே இருக்கிற ரப்பர் வளையத்துக்கும் அதே வயசு. கழற்றிப் பையில் போடுங்கள்.

கேள்வி: கணவரின் பிறந்தநாளுக்காக ஒரு இணையக் கடையில் பழைய சீக்கோ 5 வாங்கினேன். ஆரஞ்சு டயல், பளபளவென்று இருந்தது. ‘ஒரிஜினல், மின்ட் கண்டிஷன்’ என்று போட்டு 4,800 ரூபாய் வாங்கினார்கள். ரிப்பேர்காரர் பார்த்ததும் “டயல் பெயின்ட் அடிச்சதும்மா” என்கிறார். பழைய பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறது கடை.
– பெயர் வேண்டாம், காசிமேடு

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை அம்மா. பரிசு வாங்கப் போகிறவர் கையில் லென்ஸோடு போக வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த விஷயத்தில் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும். உங்களிடம் வந்ததற்கு உலகம் முழுக்க வாட்ச் சேகரிப்பவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மும்பை ஸ்பெஷல்’. தேய்ந்த சீக்கோ, ஃபேவர்-லூபா, வெஸ்ட் எண்ட் எதையாவது எடுத்து, டயலைச் சுரண்டி, கண்ணைப் பறிக்கும் கலரில் பெயின்ட் அடித்து, அதன் மேல் கம்பெனி பெயரைத் திரும்ப அச்சடித்து, எங்கிருந்தோ முள்ளைக் கொண்டுவந்து மாட்டி விற்பது. டயலுக்குப் பெயின்ட் அடிப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. நம் ஊர் ஈரக் காற்றுக்கும் வியர்வைக்கும் டயல் கறுத்துத்தான் போகும். அந்தக் காலத்தில் சர்வீஸுக்குக் கொடுத்தவர்களே “அப்படியே டயலையும் புதுசாக்கிடுங்க” என்று கேட்டு வாங்கிப் போனார்கள். பெயின்ட் அடித்தது என்று சொல்லி, அதற்கேற்ற விலை வைத்து விற்றால் எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. அதையே ‘ஒரிஜினல்’ என்று போட்டு இரண்டு மடங்கு வாங்குகிறார்களே, அங்கேதான் வயிறு எரிகிறது. கேட்டால், “பழசுன்னா அப்படித்தான் சார் இருக்கும்” என்பார்கள். பழசு அப்படி இருக்காது. பழசு பழசாக இருக்கும்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், சீக்கோவில் கண்டுபிடிப்பது சுலபம். பின்மூடியில் 7009 என்றோ 6309 என்றோ ஆரம்பிக்கும் ஓர் எண் இருக்கும். முதல் நான்கு இலக்கம் மெஷினின் எண். டயலின் கீழ் விளிம்பில், ஆறு மணிக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் அதே நான்கு இலக்கம் இருக்க வேண்டும். பெயின்ட் அடிக்கிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பொடி எழுத்தைப் போடுவதே இல்லை. போட்டாலும் வேறு எண்ணைப் போட்டிருப்பார்கள். பின்மூடியில் இன்னொரு வரிசை எண்ணும் உண்டு. அதில் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 83 என்று ஆரம்பித்தால் 1978 மார்ச்சாகவும் இருக்கலாம், 1988 மார்ச்சாகவும் இருக்கலாம். எந்தப் பத்தாண்டு என்பதை மாடலை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். விற்கிறவர் ‘1965 மாடல்’ என்று எழுதிவிட்டு 7009 மெஷினைக் காட்டினால் உடனே வெளியே வந்துவிடுங்கள். அந்த மெஷின் 70-களில் வந்தது.

மற்ற கம்பெனி வாட்சுகளில் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அச்சு தடித்து, ஓரம் கசிந்திருக்கும். நிமிஷக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக வராது. பெரிய முள் நிமிஷக் கோட்டைத் தொடாமல் பாதியிலேயே நிற்கும். வெளிக்கூடு, அதாவது கேஸ், முழுக்கக் கீறல், டயல் மட்டும் நேற்று வந்ததுபோல இருந்தால் அதற்கு மேல் ஆராய்ச்சியே வேண்டாம்.

இப்போது உங்கள் பணம். 2020-ஆம் ஆண்டு மின் வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், திருப்பி எடுக்க மாட்டேன் என்று விற்பனையாளர் சொல்லக் கூடாது. ‘பழைய பொருள்’ என்ற சாக்கு இதில் செல்லாது. நீங்கள் பழசு என்று குறை சொல்லவில்லை, ஒரிஜினல் இல்லை என்கிறீர்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வையுங்கள், விளம்பரத்தை அழித்துவிடுவார்கள். ரிப்பேர்காரரிடம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அந்தத் தளத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்தது என்று ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். எதுவும் நடக்கவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. 4,800 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று கணவர் கேட்பார். கேட்கட்டும். அப்படிக் கேட்பார் என்று நம்பித்தான் அந்தக் கடை நடக்கிறது.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் ஒரே ஆளிடம் மூன்று வாட்ச் வாங்கினேன். மூன்றும் ஒரு மாதத்துக்குள் நின்றுவிட்டன. நான்காவதைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
– கே., பெரம்பூர்

பதில்: முதல் வாட்ச் நின்ற பிறகு இரண்டாவதை ஏன் வாங்கினீர்கள் என்று உங்கள் கடிதத்தில் தேடினேன், இல்லை. மூன்றாவதுக்கும் இல்லை. எந்த வாட்சுக்காவது மெஷின் படம் கேட்டீர்களா என்று தேடினேன், அதுவும் இல்லை. சார், நான்காவதை வாங்குங்கள், வேண்டாம் என்று சொன்னால் நிற்கிறவர் மாதிரி தெரியவில்லை.

கேள்வி: வாங்கிய வாட்ச் உடைந்து வந்தது. பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று விற்றவர் ஒரு க்யூஆர் கோடு அனுப்பினார். ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டதும் இன்னும் 6,000 ரூபாய் போய்விட்டது. வீட்டில் சொல்லவே பயமாக இருக்கிறது.
– பெயர் இல்லை, ராயபுரம்

பதில்: இந்தப் பத்தியைப் படிப்பதை நிறுத்திவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்கப் பார்ப்பார்கள், அதனால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அப்புறம் வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பணம் வாங்குவதற்கு யாரும் எங்கேயும் பின் நம்பர் போடத் தேவையில்லை. ஏமாற்றுகிறவன் இதையே தினமும் தொழிலாகச் செய்கிறான், நீங்கள் பதற்றத்தில் ஒரு தடவை கைவைத்தீர்கள். வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

தனி ஆளிடம் வாங்குகிற எல்லாருக்கும் ஒரு வார்த்தை. தன் சொந்த வாட்சை எப்போதாவது ஒன்று விற்கிறவருக்கு மேலே சொன்ன மின் வணிக விதிகள் பொருந்தாது. நேரில் பார்த்து வாங்குங்கள். பார்சலில்தான் வரும் என்றால், உறையைக் கிழிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள்.

கேள்வி: துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவின் ஜனதா வாட்ச் 2015 வெள்ளத்தில் போய்விட்டது. அதே மாதிரி ஒன்று வாங்கித் தர வேண்டும். ‘பழைய ஸ்டாக், கட்டாதது, பெட்டியோடு’ என்று நிறைய வருகிறதே, நம்பலாமா?
– எம்., தண்டையார்பேட்டை

பதில்: எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது. அதற்குப் பிறகு பழைய ஸ்டாக் மேல் எல்லாருக்கும் திடீர்ப் பாசம். கடைகளில் தங்கிப்போன நிஜமான ஸ்டாக்கும் உண்டு. ஒரு பக்கம் டயல், ஒரு பக்கம் மெஷின், இன்னொரு பக்கம் கேஸ் என்று சேர்த்துப் பூட்டி, பெட்டியில் போட்டு வருவதும் உண்டு. படத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னாலும் முடியாது. நிஜமான ஸ்டாக்காகவே இருந்தாலும் பெட்டிக்குள்ளேயே ஆயில் காய்ந்திருக்கும், சர்வீஸ் செலவு தப்பாது.

உங்களுக்கு நான் சொல்வது வேறு. யாரோ ஒருவர் கட்டிப் பழகிய ஜனதாவையே வாங்குங்கள். டயல் லேசாகப் பழுத்திருக்கலாம், அதைத் தொடாதீர்கள். கண்ணாடியில் கீறல் இருந்தால் கவலையே வேண்டாம், அது பிளாஸ்டிக்தான், குறைந்த செலவில் மாற்றலாம். குரோம் பூச்சு உரிந்து பித்தளை தெரிகிற கேஸை மட்டும் தவிர்த்துவிடுங்கள், வியர்வை பட்டால் இன்னும் மோசமாகும். முதலில் அப்பாவிடம் டயல் வெள்ளையா கறுப்பா, எண் இங்கிலீஷா ஹிந்தியா என்று பேச்சுவாக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். அது மாறிப்போனால் நீங்கள் என்ன வாங்கித் தந்தாலும் “என்னோடது வேற மாதிரி இருக்கும்” என்பார்.

கேள்வி: விற்பவர் ஒரு வரைபடம் அனுப்பியிருக்கிறார். ‘ஒரு நாளைக்கு 8 நொடி மட்டுமே வேகம்’ என்கிறார். கீழே ஆம்ப்ளிட்யூட் 185 என்று இருக்கிறது. நல்ல வாட்சா?
– எஸ்., மணலி

பதில்: மெஷினின் சத்தத்தைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் என்ற கருவியின் படம் அது. 8 நொடி என்பதில் மயங்காதீர்கள். இப்படியும் அப்படியும் ஆடி வேகத்தைத் தீர்மானிக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் சின்ன நெம்புகோலைத் தள்ளினால் யாரும் வேகத்தைச் சரிசெய்துவிடலாம். உடல்நிலையைச் சொல்வது ஆம்ப்ளிட்யூட்தான், அதாவது பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி வீசி ஆடுகிறது என்பது. முழுச் சாவியில், வாட்ச் படுத்திருக்கும் நிலையில் 270-ஐ ஒட்டி இருந்தால் சந்தோஷப்படலாம். 185 என்றால் உள்ளே அழுக்கோ, காய்ந்த ஆயிலோ, களைத்த ஸ்பிரிங்கோ இருக்கிறது. சர்வீஸ் செலவைக் கழித்து விலை பேசுங்கள். அந்தப் படம் அதே வாட்சுடையதுதானா என்பதையும் கேளுங்கள். வாட்சும் கருவியும் ஒரே வீடியோவில் வரட்டும்.

கேள்வி: பழைய சுவிஸ் வாட்ச் ஒன்று வாங்கினேன். முள்ளில் இருட்டில் ஒளிரும் பூச்சு பழுப்பாகி உதிர்கிறது. பிளேடால் சுரண்டிவிட்டு நானே புதிதாகப் பூசலாமா?
– ஜே., எண்ணூர்

பதில்: சுரண்டாதீர்கள். 1960-கள் வரைக்கும் அந்தப் பூச்சில் ரேடியம் கலப்பது வழக்கம். இப்போது ஒளிரவில்லை என்பதால் அது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒளிர வைத்த துத்தநாக சல்பைடுதான் ஓய்ந்திருக்கிறது. ரேடியம்-226 பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருஷம் ஆகும். கண்ணாடிக்குள் மூடியிருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. உதிர்ந்த தூசி மூச்சிலோ வாயிலோ போவதுதான் வினை. மூடி வையுங்கள், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். ரிப்பேர்காரரிடம் போனால் இதைச் சொல்லிவிட்டு அப்புறம் வாட்சை நீட்டுங்கள்.

கேள்வி: அவசரப் பணத் தேவை என்று ஒருவர் ரோலக்ஸை 12,000 ரூபாய்க்குத் தருகிறார். பெட்டி, பேப்பர் எல்லாம் இருக்கிறது.
– டி., புளியந்தோப்பு

பதில்: பெட்டியும் பேப்பரும்கூட 12,000-இல் அடக்கம்.

கேள்வி: ‘ஆட்டோமேட்டிக்’ என்று போட்ட பழைய வாட்ச் ஒன்று வாங்கினேன். கையில் கட்டியிருக்கும்போதே நின்றுவிடுகிறது. சாவியைத் திருகினாலும் ஏறவில்லை. ஏமாந்துவிட்டேனா?
– பி., வண்ணாரப்பேட்டை

பதில்: எந்த வாட்ச் என்று எழுதவில்லையே. சீக்கோ 7009 போன்ற மெஷின்களில் சாவியைத் திருகினால் ஏறாது, அது அதன் இயல்பு. கையாட்டத்தில்தான் ஏறும். நாள் முழுக்க மேஜை முன்னால் உட்காருகிறவர் என்றால் போதுமான அளவு ஏறாமல் நிற்கலாம். காலையில் கட்டும்போது அரை நிமிஷம் மெதுவாக ஆட்டிவிட்டுக் கட்டிப் பாருங்கள். அப்புறமும் நின்றால் சர்வீஸ்தான். தேதியை மாற்றுவதாக இருந்தால் ராத்திரி 9 மணியிலிருந்து விடிகாலை 3 மணி வரை அதைத் தொடாதீர்கள், உள்ளே சக்கரத்தின் பல் உடையும்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. என் டிராயரில் ஒரு வெஸ்ட் எண்ட் கிடக்கிறது, டயலைப் பார்த்து வாங்கியது. டயலில் ஆட்டோமேட்டிக் என்று இருக்கிறது. உள்ளே கையாட்டத்தில் சுற்றிச் சாவி ஏற்றுகிற எடைத் தகடே இல்லை. வேறு ஏதோ சின்ன மெஷினை வைத்து, அது ஆடாமல் இருக்கச் சுற்றிலும் பிளாஸ்டிக் வளையம் சொருகியிருக்கிறார்கள். விற்றவரைக் கேட்டபோது “கை ராசி சார்” என்றார். உங்கள் வாட்சின் பின்மூடியைத் திறக்கச் சொல்லி, உள்ளே அரைவட்டத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். படம் எடுத்து அனுப்பினால் அடுத்த பத்தியில் சொல்கிறேன்.