மூன்றுக்கு இரண்டு

அன்புள்ள சார்,

நாங்கள் ஐந்து பேர் கோவையில் ஒரு பேண்ட் வைத்திருக்கிறோம். கல்லூரியில் ஆரம்பித்தது. இப்போது எல்லோரும் வேலைக்குப் போகிறோம், சனி ஞாயிறு மட்டும்தான் பிராக்டிஸ். நான் பேஸ் கிட்டார். "இங்கே தலைவர் கிடையாது, எல்லோரும் சமம்" என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம். எதுவானாலும் வாட்ஸப் குழுவில் போல் (ஓட்டெடுப்பு) போட்டு முடிவு செய்வோம். இப்போது அதுவே சண்டையாகிவிட்டது. ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழாவுக்கு முழுக்க சினிமாப் பாட்டு வாசிக்கக் கூப்பிட்டார்கள். மூன்றுக்கு இரண்டு என்று ஒத்துக்கொண்டோம். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் பாடகரும் கிட்டாரிஸ்டும். எங்கள் சொந்தப் பாட்டுகள் பெரும்பாலும் அவர்கள் இருவரும் போட்டவைதான். அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. டிரம்மர், "பேசாம ஒருத்தரைத் தலைவரா வெச்சிடுவோம்" என்கிறார். யாரை என்று கேட்டால் அதற்கும் போல் போடவேண்டும். தலைவர் வேண்டுமா, வேண்டாமா?

க., கோவை

அன்புள்ள க.,

தலைவரைப் பிடிக்கவும் போல் என்ற இடத்தில் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். தலைவர் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். உங்களை உடைத்துக்கொண்டிருப்பது அந்த வாட்ஸப் போல்தான் என்று எனக்குப் படுகிறது.

ஊராட்சித் தேர்தலில் தோற்றவர் அஞ்சு வருஷம் வீட்டில் இருக்கலாம், திட்டலாம், அடுத்த தேர்தலுக்கு ஆள் சேர்க்கலாம். பேண்டில் தோற்றவர் அதே மேடையில் ஏறி, எதற்கு எதிராக ஓட்டுப் போட்டாரோ அதையே முகம் கோணாமல் வாசிக்கவேண்டும். அது முடியாத காரியம். மனமில்லாமல் பாடுகிறவரின் குரல் கடைசி வரிசை வரைக்கும் காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து பேரில் இரண்டு பேர் என்றால் கணக்கில் சிறுபான்மை. மேடையில் பாதிப் பாட்டு போச்சு.

இது பெரிய ஆட்களுக்கே நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் பேண்ட் நால்வரும், நாலு பேரும் சரி என்றால்தான் செய்வது என்று பழகியவர்கள். மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் 1967-ல் இறந்துபோனார். 1969-ல் வியாபாரத்தை யார் கையில் கொடுப்பது என்று வந்தபோது லெனன், ஹாரிசன், ரிங்கோ மூவரும் ஆலன் கிளைன் என்ற அமெரிக்க மேனேஜரிடம் என்றார்கள். நாலாவது ஆளான மெக்கார்ட்னிக்கு அவரைப் பிடிக்கவில்லை, தன் மாமனார் குடும்பமான ஈஸ்ட்மன்களை வைத்துக்கொள்ளலாம் என்றார். மாமனார் என்றதும் மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்ததில் அதிசயம் இல்லை. மூன்றுக்கு ஒன்று. மெக்கார்ட்னி கையெழுத்துப் போடவே இல்லை, ஆனாலும் கிளைன் உள்ளே வந்துவிட்டார். 1970 டிசம்பர் 31 அன்று மெக்கார்ட்னி லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கிளைனிடமிருந்து வெளியே வர அவருக்கு இருந்த ஒரே வழி சக தோழர்கள் மூவர் மேலும் வழக்குப் போடுவதுதான். 1973-ல் அந்த மூவருமே கிளைனை விட்டு விலகி, அவர் மேல் வழக்கும் போட்டார்கள். அதற்குள் பேண்ட் இல்லை. மெக்கார்ட்னி சொன்னது சரியாகப் போனது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கிளைன் தங்கமானவராகவே இருந்திருந்தாலும், நாலில் ஒருவரைத் தாண்டி எடுத்த முடிவு நின்றிருக்காது.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஆர்.இ.எம். என்ற ராக் பேண்டுடையது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்று ஒரு பல்கலைக்கழக ஊர். அங்கே 1980-ல் நாலு பையன்கள் சேர்ந்தார்கள்: பாடகர் மைக்கேல் ஸ்டைப், கிட்டார் பீட்டர் பக், பேஸ் மைக் மில்ஸ், டிரம்ஸ் பில் பெரி. அவர்கள் வைத்துக்கொண்ட விதிகள் இரண்டுதான். யார் கொண்டுவந்த பாட்டானாலும் நாலு பேர் பெயரும் போடப்படும், பணமும் நாலாகப் பிரியும். அடுத்தது, நாலில் யார் வேண்டாம் என்றாலும் அந்தக் காரியம் நடக்காது. அவ்வளவுதான். ஓட்டு எண்ணுவதே இல்லை.

கேட்டால் ஒன்றும் நகராதே என்று தோன்றும். நடைமுறையில் நடந்தது வேறு. வேண்டாம் என்ற ஒரு சொல் போதும் என்று தெரிந்தவன் அதை அடிக்கடி எடுக்கமாட்டான். தோற்கடித்துவிடுவார்களோ என்ற பயம் இருப்பவன்தான் சின்ன விஷயத்துக்கும் மல்லுக்கு நிற்பான். பெயரும் பணமும் பொது என்று ஆனபோது, யார் பாட்டு இசைத்தட்டில் வரும் என்ற சண்டையும் போய்விட்டது. 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' என்ற அவர்களுடைய பேர்போன பாட்டைப் பெரும்பாலும் எழுதியது டிரம்மர் பெரி. அந்தப் பாட்டில் தாளத்துக்கு ஓடுவது ஒரு டிரம் மெஷின், அவர் டிரம்ஸில் அநேகமாக உட்காரவே இல்லை. தன் வாத்தியத்துக்கு வேலை இல்லாத பாட்டை ஒரு டிரம்மர் தயங்காமல் கொண்டுவருகிறார் என்றால் அந்தப் பேண்டில் யாரும் தன் இடத்துக்காகக் காவல் காக்கவில்லை என்று அர்த்தம். உங்கள் டிரம்மரிடம் இதைச் சொல்லுங்கள்.

1995 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மேடையிலேயே பெரிக்கு மூளை ரத்தக்குழாய் வெடித்தது. பிழைத்து எழுந்து அந்தச் சுற்றுப்பயணத்தையும் முடித்தார். இரண்டு வருஷம் கழித்து, போதும், நான் போகிறேன் என்றார். கூடவே, நான் போவதால் பேண்ட் உடையும் என்றால் போகவில்லை என்றும் சொன்னார். மற்ற மூவரும் யோசித்து, நாங்கள் தொடர்கிறோம், நீ போய் வா என்றார்கள். மூன்று கால் நாயும் நாய்தான் என்று ஸ்டைப் சொன்னது இந்தச் சமயத்தில். ஆனால் அது லேசாக நடக்கவில்லை. அடுத்த ஆல்பம் செய்யும்போது கிட்டத்தட்ட உடைந்தேபோனார்கள். நாலு பேருக்கு என்று அமைந்த பழக்கம் மூன்று பேருக்குத் தானாகப் பொருந்திவிடாது. அதையும் தாண்டி 2011 வரை இருந்தார்கள். கலைந்தபோது வழக்கு இல்லை, வசவு இல்லை.

சரி, ஒரே ஆள் நடத்தினால் என்ன? நன்றாகவே நடக்கும், அதை மறைக்கவேண்டியதில்லை. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற கலிபோர்னியா பேண்டில் எழுதுவது, பாடுவது, முன்னணி கிட்டார், தயாரிப்பு, வியாபாரப் பேச்சு எல்லாம் ஜான் ஃபோகர்ட்டி ஒருவர்தான். 1969 என்ற ஒரே வருஷத்தில் மூன்று ஆல்பம் போட்டார்கள், மூன்றும் நின்றன. ஆனால் மற்ற மூவரும் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட வாசித்தவர்கள், அதில் ஒருவர் ஜானின் சொந்த அண்ணன் டாம். டாம் 1971-ல் போய்விட்டார். மிச்சம் இருந்த மூவரும் அடுத்த ஆல்பத்தில் எழுதுவதையும் பாடுவதையும் பங்கு பிரித்துக்கொண்டார்கள். 1972-ல் வந்த அந்த ஆல்பத்தை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அதே வருஷம் பேண்டும் கலைந்தது. அவர்கள்தான் பங்கு கேட்டார்கள் என்று ஜான் சொல்கிறார். அவர்தான் வம்பாக எங்கள் தலையில் கட்டினார் என்று மற்ற இருவரும் சொல்கிறார்கள். எது உண்மையானாலும், முடிவெடுப்பதில் பங்கு கேட்டவர்களுக்குக் கிடைத்தது வேலையில் பங்கு. இரண்டும் ஒன்று என்று எண்ணிக்கொண்டதில்தான் எல்லாம் போனது. பாடத் தெரியாதவர் பாடவேண்டியதில்லை. எந்த ஷோவுக்குப் போவது, யாரிடம் கையெழுத்துப் போடுவது என்பதில் அவரையும் கேட்கவேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டிருப்பார்.

இப்போது உங்கள் கேள்விக்கு. தலைவர் வேண்டும், ஆனால் ஒரே ஆள் எப்போதும் வேண்டாம். நியூயார்க்கில் ஆர்ஃபியஸ் என்று ஒரு சேம்பர் ஆர்கெஸ்ட்ரா, அதாவது சின்ன மேற்கத்திய இசைக்குழு, இருக்கிறது, 1972-ல் ஆரம்பித்தது. முன்னால் நின்று கையசைத்து வாசிக்க வைக்கும் நடத்துநர் கிடையாது. முப்பது பேர் வாசிக்கும் இடத்தில் குச்சி பிடிக்க ஆள் இல்லாமல் எப்படி என்றால், ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு சின்னக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் முதலில் தனியாக உட்கார்ந்து எந்த வேகம், எங்கே அழுத்தம் என்று பேசி வாசித்துப் பார்த்து முடித்துக்கொள்வார்கள். அப்புறம்தான் முழுக் குழுவும் வரும். முதல் வயலின் நாற்காலியில் ஒரு படைப்புக்கு ஒருவர், அடுத்ததற்கு வேறொருவர். ஒத்திகை நடக்கும்போது வாசிப்பவர்களில் ஒருவர் எழுந்து கீழே இறங்கிப் போய் காலி அரங்கத்தின் நடுவில் உட்கார்ந்து கேட்பார். செல்லோ மேலே வருகிறது, புல்லாங்குழல் அமுங்குகிறது என்று அங்கிருந்தே சொல்வார். திரும்ப வந்து தன் இடத்தில் உட்கார்ந்துவிடுவார். இன்றைக்குச் சொல்கிறவர் நாளைக்குக் கேட்டுக்கொள்கிறவர், அதனால் யாருக்கும் முகம் சுண்டுவதில்லை. இதற்கு ஒத்திகை நேரம் கூடுதலாகத் தேவைப்படும். சனி ஞாயிறு மட்டும் கூடும் உங்களுக்கு அது கஷ்டம்தான். ஆனால் போன வாரம் போல் போட்டுச் சண்டை பிடித்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் மெல்லிசைக் குழுக்களையும் பார்த்திருப்பீர்கள். பேனரில் ஒருவர் பெயர்தான், அட்வான்ஸ் வாங்குவதும் ராத்திரி எண்ணிக் கொடுப்பதும் அவர்தான். ஆனால் திருவிழா மேடையின் ஓரத்தில் நின்று கவனியுங்கள். கமிட்டிக்காரர் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டுவார். முதலாளி அதைப் படித்துவிட்டு நேராக மைக்குக்குப் போகமாட்டார், கீபோர்டுக்காரரைத் திரும்பிப் பார்ப்பார். அவர் லேசாகத் தலையை ஆட்டினால்தான் அறிவிப்பு. உதட்டைப் பிதுக்கினால், "நேயர் விருப்பம் சற்று நேரத்தில்" என்று சீட்டு சட்டைப் பைக்குள் போய்விடும். அந்தப் பாட்டு இந்தக் குழுவால் முடியுமா என்பதற்கு அங்கே தலைவர் கீபோர்டுக்காரர்தான், முதலாளிக்கே அது தெரியும்.

ஆகவே பாட்டு விஷயத்தில், கொண்டுவந்தவர் சொல்வதுதான் கடைசி. கிட்டாரிஸ்ட் போட்ட பாட்டில் பேஸ் எப்படிப் போகவேண்டும் என்று நீங்கள் சொல்லிப் பாருங்கள், வாசித்தும் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சவுண்ட் செக்கில் ஒருவர் மட்டும் பேசட்டும், மிக்ஸர்காரரிடம் ஐந்து பேர் ஐந்து திசையில் கை காட்டும் கொடுமையை நான் பார்த்திருக்கிறேன். பிராக்டிஸ் நேரம், வண்டி வாடகை, யார் எதை எடுத்து வருவது, இதற்கெல்லாம் மூன்றுக்கு இரண்டு தாராளமாகப் போதும். என்ன மாதிரி ஷோ, ஒப்பந்தம், புதிதாக ஆள் சேர்ப்பது, கடன் வாங்குவது, இவற்றுக்கு ஐந்துக்கு ஐந்து. இந்தப் பிரிவு என் கண்டுபிடிப்பு இல்லை. 1932-ஆம் வருஷத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 12-ஆம் பிரிவில் இதைத்தான் சொல்கிறது: சாதாரண விஷயங்களைப் பெரும்பான்மை முடிவு செய்யலாம், தொழிலின் தன்மையையே மாற்றுவதென்றால் எல்லாக் கூட்டாளிகளும் ஒப்புக்கொள்ளவேண்டும். சொந்தப் பாட்டு போடும் பேண்ட் ஒரு இரவு முழுக்க சினிமாப் பாட்டு வாசிப்பது சாதாரண விஷயமா, தன்மை மாற்றமா? உங்கள் ஐந்து பேரும் இதுவரை பேசாத கேள்வி அதுதான்.

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. வேறு ஏற்பாடு பேசிக்கொள்ளவில்லை என்றால் லாபமும் சமம், நஷ்டமும் சமம். ஆனால் பாட்டின் உரிமை தனிக் கணக்கு. பாட்டு எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் பதிவு செய்யும்போது எழுதியவர் யார், இசையமைத்தவர் யார், யாருக்கு எவ்வளவு பங்கு என்று கேட்பார்கள். அன்றைக்கு உட்கார்ந்து பேசினால் சண்டை வரும், இப்போதே பேசுங்கள். குவீன் பேண்டில் 1975-ல் 'போஹீமியன் ராப்சடி' தட்டின் மறுபக்கத்தில் டிரம்மர் ரோஜர் டெய்லரின் பாட்டு போனது. தட்டு லட்சக்கணக்கில் விற்றபோது, முன்பக்கப் பாட்டை எழுதிய பாடகர் ஃப்ரெடி மெர்குரிக்குக் கிடைத்த அதே ராயல்டி டெய்லருக்கும் வந்தது. அந்த மனத்தாங்கல் ரொம்ப நாள் இருந்தது. 1989-ல் வந்த ஆல்பத்தில்தான் எல்லாப் பாட்டுக்கும் குவீன் என்றே பெயர் போடலாம் என்று வந்துசேர்ந்தார்கள். உங்கள் பாடகரும் கிட்டாரிஸ்டும் இதற்கு ஒப்புக்கொள்வார்களா தெரியாது. எழுதுகிறவர் அவர்கள் என்னும்போது பாதியை அவர்கள் வைத்துக்கொண்டு மீதியை ஐந்தாகப் பிரிப்பதும் நியாயம்தான். எது என்று நான் சொல்லமாட்டேன், அவர்கள் முதலில் பேசட்டும்.

பேண்டின் பெயர் யாருக்கு என்பதையும் ஒரு தாளில் எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ரோஜர் வாட்டர்ஸ் 1985-ல் பிங்க் ஃப்ளாய்ட் என்ற தன் பேண்டை விட்டுப் போனார். தான் போனால் பெயரும் முடிந்தது என்று அவர் நினைத்தார், இருந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. வக்கீல்களுக்கு நல்ல வருமானம்.

ஆண்டு விழாவுக்கு அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்கியிருந்தால் வாசித்துக் கொடுத்துவிடுங்கள், பேச்சு மாறக்கூடாது. செட் லிஸ்டை அந்த இரண்டு பேரையே போடச் சொல்லுங்கள். வாங்கவில்லை என்றால் குழுவில் இருக்கும் அந்த போலை அழித்துவிட்டு, ஒருவருக்கொருவர் போன் பண்ணுங்கள்.