அனிமேஷன் சூப்பர் ஹீரோ படங்கள்ல "நல்லவங்களுக்கு ஏன் கெட்டது நடக்குது"ங்கிற கேள்விக்கு உருப்படியான பதில் இருக்கா, இல்ல வில்லன அடிச்சு போட்டா முடிஞ்சுதா?

இருக்கு, ஆனா பாதி படங்க அந்த பதில் கிட்ட வரைக்கும் வந்துட்டு வேற பக்கம் திரும்பிடுது.

வழக்கமா சொல்றது, காயப்பட்டவன் கெட்டவனாயிடுவான்ங்கிறது. தி இன்கிரெடிபிள்ஸ் (2004) படத்துல வர்ற சிண்ட்ரோம், சின்ன வயசுல தான் சாமியா நெனச்ச ஹீரோ விரட்டி விட்டவன். மெகாமைண்ட் (2010) ஜெயிலுக்குள்ளயே வளந்த பிள்ள. உண்மைதான், மனுசன் அப்படித்தான் கெட்டுப் போறான். ஆனா ஒருத்தன் ஏன் வில்லனானான்ங்கிறதுக்குத் தான் அது பதில், சும்மா வீட்டுல இருந்த குடும்பத்து மேல ஏன் மலை இடிஞ்சு விழுந்துச்சுன்னு கேட்டா அங்க சத்தமே இல்ல.

மலைன்னு நான் பேச்சுக்கு சொல்லல. நான் இலங்கையில பதுளை மாவட்டம். 2014 அக்டோபர் 29 காலைல கொஸ்லந்தை மீரியபெத்தை தேயிலை தோட்டத்துல மண்சரிவு வந்து, தொழிலாளிங்க குடியிருந்த வரிசை வீடுகள, அதான் லயங்கள, லயம் லயமா மூடிருச்சு, பள்ளிக்கூடம் போன பிள்ளைங்க தப்பிச்சு திரும்பி வந்து பாத்தா வீடும் இல்ல அம்மா அப்பாவும் இல்ல, நிறைய பேரோட உடம்பு கூட கிடைக்கல. அந்த இடம் ஆபத்து, ஆளுங்கள வேற இடத்துக்கு மாத்துங்கன்னு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005லயும் 2011லயும் சொல்லியிருந்துச்சு. சனங்க அங்கயேதான் இருந்தாங்க, போக சொன்னா மட்டும் போதுமா, போறதுக்கு துண்டு காணியும் கூரையும் வேணுமே.

இத வச்சுக்கிட்டு பிக் ஹீரோ 6 பாருங்க, அதுவும் அதே 2014ல வந்த படம்தான். முகமூடி போட்டுக்கிட்டு பழிவாங்க வர்ற ஆள் யாருன்னு பாத்தா கேலகன்னு ஒரு புரொபசர், கிரேங்கிற பெரிய முதலாளியோட கம்பெனி செஞ்ச சோதனையில தன் மகள பறிகொடுத்த அப்பா. அந்த சோதனை நடக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி மெஷின்ல ஏதோ சின்ன கோளாறு தெரியுதுன்னு வேலை செய்றவங்க சொல்றாங்க, வந்திருக்க பெரிய மனுசங்க முன்னாடி நிறுத்த முடியாம, பரவாயில்ல நடத்துங்கன்னுடறார் கிரே. சில செக்கன்ல போயிடற சீன் அது, ஆனா முழு படத்துலயும் தீமை பொறக்கிற இடம் அதுதான்னு நான் நெனைக்கிறேன். எச்சரிக்கை காதுல விழுந்துச்சு, விழுந்தும் நடத்திட்டாங்க. அப்புறம் படம் என்ன செய்யுது, அழுதுக்கிட்டிருந்த அப்பாவுக்கு முகமூடிய மாட்டி அவர தொரத்திப் புடிச்சு போலிஸ்ல குடுக்குது, மகளையும் உயிரோட மீட்டுக் குடுத்துருது, கோட்டு போட்ட கிரே கிட்ட கணக்கு கேக்காமலே முடிஞ்சிருது. கேலகன் செஞ்சது சரின்னு நான் சொல்லவே மாட்டேன், கதாநாயகனோட அண்ணன் டடாஷி அவர காப்பாத்த நெருப்புக்குள்ள ஓடி செத்தான், அதுக்கு கூட அந்தாளு கலங்கல. ஆனாலும் முகமூடி இல்லாதவங்க செய்யற தப்பு நம்ம பிள்ளைங்க கண்ணுல படாமலே போயிடுதே, அதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

ஸ்பைடர்-மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ் (2023) தான் இந்த கேள்விய நேரா தூக்கிப் போடுது. ஒவ்வொரு உலகத்துலயும் ஸ்பைடர்-மேனுக்கு நெருக்கமான ஒரு போலிஸ் கேப்டன் சாகணும், அது நடந்தே ஆகணும், தடுத்தா அந்த உலகமே சிதறிப் போகும்ங்கிறான் மிகேல், பல உலகத்து ஸ்பைடர்-மேன்களுக்கு தலைவன். கதாநாயகன் மைல்ஸோட அப்பா கேப்டனாகப் போற நேரம் அது. அப்ப என் அப்பாவ சாக விடணுமான்னு மைல்ஸ் கேக்கறப்ப எனக்கு அந்த சனங்கதான் ஞாபகம் வந்தாங்க. மீரியபெத்தையில சொந்தத்த பறிகொடுத்த ஒரு அத்தை எங்க வீட்டுல வந்து உக்காந்து "என்ன பாவம் செஞ்சமோ தெரியல தம்பி, எங்க தலையில இப்படி எழுதியிருக்கு"ன்னு அழுதாங்க. கொழுந்து பறிச்சு பிள்ளைங்கள படிக்க வச்ச மனுசி என்ன பாவம் செஞ்சிருக்கப் போறாங்க. அவங்க தன் மேலயே பழிய போட்டுக்கிட்டதுல, எச்சரிக்கைய பாத்துட்டு சும்மா இருந்தவங்க எல்லாம் தப்பிச்சுட்டாங்க.

மிகேலும் அந்த அத்தை மாதிரி தன் மேலயே பழிய போட்டுக்கிட்ட ஆள்தான், இத நிறைய பேர் கவனிக்கல. செத்துப் போன இன்னொரு மிகேலோட இடத்துல போய் அப்பாவா வாழ்ந்தான், அந்த உலகம் அவன் கண்ணு முன்னாடி அழிஞ்சு மக கையிலேயே மறைஞ்சா. அது என்னாலதான்னு முடிவு பண்ணி, அதையே சட்டமாக்கி, இப்ப அடுத்தவன் அப்பாவையும் காவு கேக்கறான். அவன வெறுக்க முடியல, ஆனா அவன் சொல்றத ஏத்துக்கவும் முடியல. தன் துக்கத்துக்கு காரணம் கிடைக்கணும்னு ஒருத்தர் நம்பற விசயத்த இன்னொரு பிள்ளையோட உயிருக்கு விதியா வைக்கிறது பெரிய கொடுமைங்க.

அந்த சட்டம் உடையாதான்னா, படத்துலயே ஒரு இடம் இருக்கு. மைல்ஸோட தோழி, இன்னொரு உலகத்து ஸ்பைடர் க்வெனோட அப்பா ஜார்ஜ் ஸ்டேசியும் கேப்டன்தான், கணக்குப்படி அவரும் சாகணும். அவர் வேலைய விட்டுட்டேன்னு மக கிட்ட சொல்றார், அவ்வளவுதான். சண்டை இல்ல, சக்தி இல்ல, ஒரு மனுசன் ஆபத்தான இடத்துலருந்து எந்திரிச்சு வந்துட்டார், எழுதி வச்சதா சொன்ன சாவு ஆட்டம் காணுது. உங்க கேள்விக்கு இந்த படங்கள்லயே நான் பாத்த நல்ல பதில் இந்த சீன்தான். அந்த லயத்து சனங்களுக்கும் 2005லயே ஒரு துண்டு காணி குடுத்திருந்தா அவங்களும் எந்திரிச்சு வந்திருப்பாங்க.