மண்வாசனை வீசும் சீனத் தேநீரைக் குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இரத்தக் கொழுப்புக்காக அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் மாத்திரையை இரவில் போட்டுக்கொள்கிறேன். ஹீமோகுளோபின் 10.2 என்று வந்ததால் இரண்டு மாதங்களாக இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுகிறேன். உடன் வேலை பார்க்கும் சீனத் தோழி ஒருவர், யூனானில் இருந்து வந்தது என்று சொல்லி ‘ஆர்கானிக்’ முத்திரையுள்ள புவேர் தேயிலை வில்லை ஒன்றைக் கொடுத்தார். தினமும் குடித்தால் கொழுப்பு கரைந்துவிடும், மாத்திரையே தேவைப்படாது என்கிறார். பிரித்துப் பார்த்தால் ஈர மண்ணின் வாடை அடிக்கிறது. கொதிநீர் ஊற்றினால் காப்பியைப் போலக் கருக்கிறது. இது கெட்டுப்போனதா? புளிக்க வைத்த தேயிலை என்பதால் இதில் மது கலந்திருக்குமா? நான் குடிக்கலாமா?
வாசகி, ஈப்போ

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்த வேண்டாம். தேநீரைக் குடிக்கலாம், ஆனால் எந்த நேரத்தில் குடிக்கிறீர்கள் என்பது உங்களைப் பொறுத்தவரை முக்கியம். மண்வாடையையும் கருநிறத்தையும் மட்டும் வைத்து அது கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. அந்தத் தேயிலை செய்யப்படும் முறையிலேயே பிறப்பவை அவை. அந்த முறையைச் சற்று விரிவாகச் சொன்னால் உங்கள் ஐயங்களில் பாதி தாமாகவே தீர்ந்துவிடும்.

‘புளித்த தேயிலை’ என்ற சொல்லே குழப்பம் தரக்கூடியது. நாம் அன்றாடம் பாலூற்றிக் குடிக்கும் கறுப்புத் தேயிலையைச் செய்யும் ஆலைகளிலும், அது கேமரன் மலையில் இருந்தாலும் நீலகிரியில் இருந்தாலும், ‘பெர்மெண்டேஷன்’ என்று ஒரு கட்டத்தைச் சொல்வார்கள். உண்மையில் அங்கே நடப்பது நொதித்தல் அன்று. கசக்கப்பட்ட இலையின் சாறு காற்றுப்பட்டுச் சிவப்பதே அது. நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை. புவேர் தேயிலையில் நடப்பதோ நுண்ணுயிர்கள் பங்கேற்கும் உண்மையான நொதித்தல்.

சீனாவின் தென்மேற்கு மூலையில், மியான்மருக்கும் லாவோசுக்கும் அருகே இருக்கும் யூனான் மாநிலமே இதன் பிறப்பிடம். அங்குள்ள பெரிய இலைத் தேயிலை மரம், அசாம் தேயிலையின் அதே வகையைச் சேர்ந்தது. பறித்த இலையை வாட்டி, பெரிய இரும்புச் சட்டியில் வறுத்து, உருட்டி, வெயிலில் உலர்த்துகிறார்கள். இந்த வறுவலில் இலையின் நொதிகள் முழுவதுமாக அழிந்துவிடாமல் கொஞ்சம் எஞ்சும். வெயிலில் காய்ந்த இலையில் ஈரமும் சிறிது நிற்கும். பிற்காலத்தில் இலை முதிர்வதற்கு இவை இரண்டும் உதவுகின்றன. இந்த இலையை ஆவியில் இளக்கி வில்லையாக அழுத்தி, ஆண்டுக்கணக்கில் வைத்து மெல்ல முதிரவிட்டால் அது ‘ஷெங்’, அதாவது பச்சைப் புவேர். மரபான வில்லையின் எடை 357 கிராம். ஏழு வில்லைகளை மூங்கில் மடலில் சுற்றிக் கட்டினால் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ.

அத்தனை ஆண்டுகள் காத்திருக்க எல்லோராலும் முடியாது. 1973-ஆம் ஆண்டு வாக்கில் குன்மிங் தேயிலை ஆலையில் ‘வோ துயி’ என்னும் விரைவு முறை உருப்பெற்றது. உலர்ந்த இலையைத் தரையில் பல டன் அளவுக்குக் குவித்து, நீர் தெளித்து, துணியால் மூடிவிடுவார்கள். எருக்குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு அடுத்து நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை: குவியல் தானாகவே சூடேறும். உள்ளே 50 முதல் 60 டிகிரி வரை வெப்பம் எழும்; அதற்கும் மேலே போனால் இலை கருகிச் சுவை கெடும் என்பதால், சில நாட்களுக்கு ஒருமுறை குவியலைக் கலைத்துப் புரட்டிப் போடுவார்கள். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் போன்ற பூஞ்சைகளும், சில ஈஸ்ட்டுகளும் பாக்டீரியாக்களும் ஒன்றன்பின் ஒன்றாக அந்தக் குவியலை ஆளுகின்றன. 45 முதல் 60 நாட்களில் வேலை முடிந்துவிடும். இப்படிப் பழுக்க வைத்ததற்கு ‘ஷோ’ என்று பெயர். உங்கள் தேநீர் காப்பி நிறத்தில் இருப்பதால், தோழி கொடுத்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இந்த ஒன்றரை இரண்டு மாதங்களில் இலையின் வேதியியலே மாறிவிடுகிறது. பச்சைத் தேயிலைக்குக் கசப்பையும் துவர்ப்பையும் தரும் கேட்டசின்கள் பெருமளவு உடைந்து ஒன்றோடொன்று பின்னி, ‘தியாபிரவுனின்’ எனப்படும் கரும்பழுப்பு நிறப் பொருள்களாகின்றன. நீங்கள் கண்ட கருநிறம் அதுதான். இலையில் இருக்கும் சில வேதிப்பொருள்களை நுண்ணுயிர்கள் மாற்றியமைக்கும்போது உண்டாகும் மீத்தாக்சிபென்சீன் வகைச் சேர்மங்களே அந்தப் பழைய மண்வாடைக்குக் காரணம். நன்றாகச் செய்யப்பட்ட ஷோ தேநீரில் மழை பெய்த மண், பழைய மரப்பெட்டி, பேரீச்சம்பழம் ஆகியவற்றை நினைவூட்டும் மணம் இருக்கும். நாக்கில் வழவழப்பாக இறங்கும். துவர்ப்பு மிகக் குறைவு. புதிதாகக் குவியலில் இருந்து எடுத்த இலையில் கருவாட்டை ஒத்த ஒரு வாடை இருப்பதுண்டு. அது சில மாதங்கள் காற்றாட இருந்தால் அடங்கிவிடும். பச்சைப் புவேரின் சுவை வேறு. முதல் மடக்கு கசக்கும். விழுங்கிய பிறகு தொண்டையில் இனிக்கும். சீனர்கள் இதை ‘ஹுய் கான்’, திரும்பி வரும் இனிப்பு, என்கிறார்கள். நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்த அனுபவம் இருந்தால் உங்களுக்கு இதைப் புரிந்துகொள்ள அகராதி தேவையில்லை.

மது பற்றிய அச்சத்தை விட்டுவிடுங்கள். இது சர்க்கரைக் கரைசலைச் சாராயமாக்கும் நொதித்தல் அன்று. உலர்ந்து, பிறகு கொதிநீரில் ஊறும் இந்த இலையில் மதுவுக்கு இடமில்லை. இனிப்பிட்ட தேநீரைப் புளிக்க வைக்கும் கொம்புச்சாவில் சிறிதளவு மது இருக்கலாம். பலர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். அதேபோல், புளித்த பொருள் என்பதால் தயிரைப் போலக் குடலுக்கு நல்ல பாக்டீரியாக்களைத் தரும் என்று சொல்லப்படுவதையும் நம்ப வேண்டாம். கொதிநீர் ஊற்றியபின் அவற்றில் பெரும்பாலானவை உயிரோடு இருப்பதில்லை.

‘ஆர்கானிக்’ முத்திரை எதைச் சொல்கிறது என்பதிலும் தெளிவு வேண்டும். செயற்கை உரமும் பூச்சிக்கொல்லியும் இல்லாமல், தேயிலை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மூன்று ஆண்டு மாற்றக் காலத்தைக் கடந்து வளர்க்கப்பட்டது என்பதையே அது சொல்கிறது. பூச்சிக்கொல்லி எச்சத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு அது பயனுள்ள செய்தியே. ஆனால் மண்ணில் இருந்து இலைக்கு ஏறும் ஃப்ளோரைடை அந்த முத்திரை தடுக்காது. தோட்டத்தை விட்டு வந்தபின் அந்த வில்லை எந்தக் கிடங்கில், எந்த ஈரத்தில், எத்தனை ஆண்டு கிடந்தது என்பதைப் பற்றியும் அது பெரிதாக எதுவும் சொல்வதில்லை.

ஃப்ளோரைடு என்றதும் ஒரு சிறு விளக்கம். முற்றிய இலைகளிலும் காம்புகளிலும் அது மிகுதியாகச் சேரும். திபெத்திலும் உள் மங்கோலியாவிலும் அத்தகைய இலைகளைச் செங்கல் போல அழுத்திச் செய்த செங்கல் தேயிலையைக் காய்ச்சி நாள் முழுவதும் குடிக்கும் மக்களிடையே பல்லும் எலும்பும் பாதிக்கப்படும் ஃப்ளோரோசிஸ் நோய் காணப்பட்டது. செங்கல் தேயிலையில் கிலோவுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது என்று சீனா 2005-இல் வரம்பு வைத்ததற்கு இதுவே காரணம். இளம் இலைகளால் ஆன வில்லையில் நாளொன்றுக்கு இரண்டு மூன்று சிறு கோப்பை குடிப்பவருக்கு இந்த அபாயம் இல்லை.

என் கவலையெல்லாம் உங்கள் ஊரின் காற்றில் உள்ள ஈரத்தைப் பற்றியது. வில்லையை வெளிச்சத்தில் பிடித்து, உடைத்து உட்பக்கத்தையும் பாருங்கள். பஞ்சு போன்ற வெள்ளைப் படலமோ, பச்சை, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளோ தெரிந்தால், அல்லது மூடிக்கிடந்த ஈரத்துணியின் முடைநாற்றம் அடித்தால், தயங்காமல் எறிந்துவிடுங்கள். ஹுனான் மாநிலத்தின் ஃபூ செங்கல் தேயிலையில் ‘பொன்மலர்’ என்று ஒரு மஞ்சள் பூஞ்சையை வேண்டுமென்றே வளர்ப்பார்கள். ஆனால் புவேர் வில்லையில் மஞ்சள் படர்ந்தால் அதைப் பொன்மலர் என்று யாராவது சொன்னாலும் ஏற்காதீர்கள். வில்லையைச் சமையலறையில் வைக்காமல், மசாலா வாசனை அண்டாத, காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் காகித உறையிலேயே வையுங்கள்.

இனி, கொழுப்பு. தோழி சொல்வது முற்றிலும் ஆதாரமற்றது என்று தள்ளிவிட மாட்டேன். 2019-இல் வெளியான ஒரு சீன ஆய்வு, புவேரின் தியாபிரவுனின் குடல் பாக்டீரியாக்களின் கலவையை மாற்றி, பித்த அமிலங்களின் போக்கையும் மாற்றுவதால், கல்லீரல் கூடுதல் கொழுப்பைப் பித்த அமிலமாக்கிச் செலவிடுகிறது என்று காட்டியது. கவனத்துக்குரிய ஆய்வுதான். ஆனால் அதன் பெரும்பகுதி எலிகளில் நடந்தது. மனிதர்கள் சிலரே பங்கேற்றனர். இரத்தச் சோதனையில் எண் சற்று இறங்குவது வேறு. மாரடைப்பும் பக்கவாதமும் குறைவது வேறு. இரண்டாவதைப் பல்லாயிரம் நோயாளிகளிடம் ஆண்டுக்கணக்கில் நிரூபித்தவை உங்கள் மாத்திரையின் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டாட்டின்கள், தேநீர் அன்று. சீனச் சிற்றுண்டியான திம்சம் சாப்பிடும்போது ‘போலே’ (புவேருக்குக் காண்டனீஸ் மொழிப் பெயர்) குடித்தால் எண்ணெய் கரைந்தது போல் இருப்பது உண்மையே. சூடான நீர் வாயின் பிசுக்கைக் கழுவுகிறது. இரத்தக் குழாயின் படிவைக் கழுவுவதில்லை.

உங்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்ல வேண்டியது இரும்புச்சத்து பற்றியே. தேநீருக்குத் துவர்ப்பைத் தரும் பாலிஃபீனால்கள் தாவர உணவில் உள்ள இரும்பையும் மாத்திரையின் இரும்பையும் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன. உணவோடு தேநீர் குடித்தால் இரும்பு உட்கிரகிப்பு பாதிக்கு மேல் குறையலாம். துவர்ப்பு குறைந்துவிட்டதால் ஷோ தேநீரில் இந்தக் குணமும் போய்விட்டது என்று நம்பி இருக்க முடியாது. எனவே சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமும், இரும்பு மாத்திரைக்கு இருபுறமும் இரண்டு மணி நேரமும் இடைவெளி விடுங்கள். மாலை நான்கு மணி உங்களுக்குப் பொருத்தமான வேளை. நொதித்தலில் கஃபீன் அழிவதில்லை என்பதால் இரவில் வேண்டாம். வெறும் வயிற்றில் பச்சைப் புவேர் குடித்தால் நெஞ்செரிச்சல் வரலாம்.

ஐந்து கிராம் இலையை எடுத்து, முதலில் கொதிநீர் ஊற்றிச் சில விநாடிகளில் அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். தூசியும் குவியல் வாடையும் கொஞ்சம் போகும். பிறகு ஊற்றும் நீரைப் பத்துப் பதினைந்து விநாடியில் வடித்துவிட்டால், அதே இலையில் ஐந்தாறு முறை குடிக்கலாம். பால், சர்க்கரை வேண்டாம். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியுள்ளது. ஆதலால் ஊற்றியதும் உறிஞ்சாமல் ஆறவிட்டுக் குடியுங்கள்.

இறுதியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மாதவிடாய் நின்று மூன்றாண்டு ஆன பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 10.2 என்றால், இரும்பு மாத்திரை கொடுத்து எண்ணை ஏற்றிவிட்டு இருந்துவிடக் கூடாது. மாதந்தோறும் போகும் இரத்தம் நின்றபின் இரும்பு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். வயிற்றுப் புண், பெருங்குடல் கட்டி போன்றவற்றில் இருந்து கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசியலாம். வலி மாத்திரைகளை அடிக்கடி சாப்பிடும் பழக்கமும் காரணமாகலாம். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு, மலத்தில் மறைந்த இரத்தச் சோதனை ஆகியவற்றை இந்த மாதமே செய்துகொள்ளுங்கள். ஃபெரிட்டின் குறைந்திருந்தால், மலச் சோதனை சரியாக வந்தாலும், எண்டோஸ்கோபியும் கொலோனோஸ்கோபியும் தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். போகும்போது, கடந்த ஓராண்டில் சாப்பிட்ட எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.