பெயர்ப் பட்டியலைத் தரகரிடம் கொடுக்காதீர்கள்

கேள்வி: சண்டையால் வீடிழந்த 120 குடும்பங்கள், சுமார் 600 பேர், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள். எனக்கு 21 வயது. வெளியூர் உறவினர்கள் பணம் திரட்டியிருக்கிறார்கள். சரக்கு, லாரி, அனுமதி எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். எல்லோருடைய பெயர், வயது, அடையாள அட்டை நகல் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கொடுக்காதீர்கள். பணம் போனால் மறுபடி திரட்டலாம். பட்டியல் கைமாறினால் திரும்பாது. எந்த வீட்டில் எந்த வயதில் ஆண்பிள்ளை இருக்கிறான் என்பது அதில் இருக்கும். சண்டைக்கு ஆள்பிடிப்பவர்களுக்கு அது போதும். தரகர் நல்லவராகவே இருந்தாலும் சோதனைச் சாவடியில் அவர் பையைப் பிரிப்பார்கள்.

சரக்கு வாங்கப் பெயர் எதற்கு? தலைக்கணக்கு போதும். குடும்பத்துக்கு ஓர் எண் கொடுங்கள். அதன் எதிரே எத்தனை பேர், 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், நடமாட முடியாதவர்கள் என்று எழுதுங்கள். எண்ணுக்குரிய பெயர் வேறு நோட்டில், வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 400 கிராம், பருப்பு 60, எண்ணெய் 25, உப்பு 5. 600 பேருக்கு 15 நாளைக்குத் தானியம் 3,600 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை 72. பருப்பு 540 கிலோ, எண்ணெய் 225, உப்பு 45. இந்தக் கணக்கோடு போய் ஒவ்வொன்றுக்கும் தனி விலை கேளுங்கள். ‘எல்லாம் சேர்த்து இவ்வளவு’ என்பவரிடம் வாங்காதீர்கள். வாடகை எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்பது அந்த ஒற்றைத் தொகையில் மறைந்துவிடும். முழுப் பணத்தையும் முன்கூட்டித் தராதீர்கள். சரக்கு இறங்கும்போது பத்துக்கு ஒரு மூட்டையை எடை போடுங்கள். எந்த மூட்டை என்பதை நீங்கள் காட்டுங்கள், லாரிக்காரர் எடுத்துத் தருவதை அல்ல. வாய்த்தையலையும் பாருங்கள்: நூல் ஓடும் வரிசைக்குப் பக்கத்தில் நூலில்லாத ஊசித்துளைகள் இன்னொரு வரிசையாகத் தெரிந்தால், யாரோ பிரித்து மறுபடி தைத்திருக்கலாம். ஒன்று அப்படி அகப்பட்டாலும் 72 மூட்டையையும் தராசில் ஏற்றுங்கள்.

அனுமதியை ரெட் கிராஸ் அல்லது ரெட் கிரசன்ட் கிளை மூலம் கேளுங்கள். மருந்துக்கும், 15 வயதுக்குட்பட்டோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் தேவையான உணவுக்கும் வழிவிட வேண்டும் என்று 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா ஒப்பந்தம் 23ஆம் பிரிவிலேயே சொல்கிறது. அப்படியிருந்தும் ஒரு முத்திரைக்காக நாள்கணக்கில் காக்க வைக்கிறார்கள். தரகர்களுக்குப் பிழைப்புக் கொடுப்பதே இந்தத் தாமதம்தான்.

முந்தின நாளே டோக்கன் கொடுத்து, பகல் வெளிச்சத்திலேயே விநியோகத்தை முடித்துவிடுங்கள்.

பால் பவுடர் மட்டும் வாங்கவே வேண்டாம். அசுத்தத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் வயிற்றுப்போக்கில் குழந்தை இறந்துகூடப் போகலாம். பயத்தில் தாய்ப்பால் வற்றிவிடும் என்பார்கள். வற்றாது, குழந்தை தொடர்ந்து குடித்தால் ஊறும். விலக்கு, தாய் இறந்தோ உடன் இல்லாமலோ தாய்ப்பால் கிடைக்க வழியில்லாத கைக்குழந்தை. அதற்கும் முதலில் பால் கொடுக்கக்கூடிய வேறொரு பெண் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் மருத்துவப் பணியாளர் சொன்ன பிறகு, அந்தக் குழந்தைக்கு மட்டும், கைக்குழந்தைகளுக்கென்றே உள்ள பால் பவுடரைக் கொதிக்க வைத்த தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். குழந்தைக்குக் குறைந்தது 6 மாத வயது முடியும்வரை அது இடையில் நிற்காமல் கிடைக்கும் என்ற உறுதி வேண்டும். பாட்டில் வேண்டாம், அதன் ரப்பர் காம்பைச் சுத்தமாகக் கழுவ முடியாது. சிறு கிண்ணத்தில் புகட்டச் சொல்லுங்கள். யாராவது நன்கொடையாகப் பெட்டி பெட்டியாக அனுப்பிவிட்டால், மற்ற மூட்டைகளோடு அடுக்காமல் அப்படியே மருத்துவப் பணியாளரிடம் ஒப்படையுங்கள்.