கேஸ் ராயல்டி செக்கை நம்பி மச்சானுக்கு இஎம்ஐ கட்டுறேன், இப்ப செக் ரொம்ப குறைஞ்சிடுச்சு, என்ன பண்றது?

கேள்வி: டல்லாஸ்ல ஐடி வேலை. கிழக்கு டெக்சாஸ் பனோலா கவுன்ட்டில மினரல் ரைட்ஸோட (நிலத்தடி கேஸ் மேல உள்ள உரிமை) 16 ஏக்கர் வாங்கினோம், கேஸ் கம்பெனியோட இருக்கிற லீஸ்ல 20% ராயல்டி, அதாவது விக்கிற கேஸ்ல எங்க பங்கு. முதல் செக் 14,000 டாலர் வந்துச்சு. அந்த தைரியத்துல வீட்டு மேல ஹெலாக் (வீட்டை அடமானமா வச்சு எடுக்குற கடன்) 60,000 எடுத்து மதுரைல மச்சான் பேர்ல பிளாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தேன், மிச்சத்துக்கு அவர் போட்ட லோன் இஎம்ஐக்கு மாசம் 1,500 அனுப்புறேன். இப்ப மாசம் செக் 1,900 தான் வருது. ரெண்டாவது கிணத்துக்கு டிவிஷன் ஆர்டர் (கிணத்து வருமானத்துல நம்ம பங்கு இவ்வளவுன்னு கம்பெனி அனுப்புற பேப்பர்) வந்திருக்கு, கம்பெனி ஏமாத்துதோன்னு கையெழுத்துப் போடாம வச்சிருக்கேன். மொத்தமா வித்துடலாமா?

பதில்: அந்த 14,000 ஒரு மாச பணம் கிடையாதுங்க. டெக்சாஸ் சட்டப்படி முதல் விற்பனை நடந்த மாசம் முடிஞ்சு 120 நாள் வரைக்கும் கம்பெனிக்கு டைம் இருக்கு, அதனால நாலு மாசம் போல சேர்த்து ஒரே செக்கா வந்திருக்கும், ஸ்டேட்மென்ட்ல புரொடக்‌ஷன் மாசம்னு தனி கட்டம் (column) இருக்கும் பாருங்க. அப்படின்னா மாசம் 3,500. அது 1,900 ஆனதுக்கு ஏமாத்து வேலை எதுவும் தேவையில்ல, உங்க பக்கத்து ஹேன்ஸ்வில் ஷேல் (கேஸ் இருக்கிற பாறையடுக்கு) கிணறு முதல் வருஷத்துலேயே பாதிக்கு மேல விழுறது சாதாரணம், அது போக விலை வேற, 2022 ஆகஸ்ட்ல 8 டாலரைத் தாண்டின கேஸ் 2024 மார்ச்ல 2 டாலருக்கும் கீழ போச்சு.

டிவிஷன் ஆர்டர்ல நீங்க பாக்க வேண்டியது அந்த டெசிமல் நம்பரை. யூனிட் (ஒரு கிணத்துக்காக சேர்த்த மொத்த நிலம்) 640 ஏக்கர்னா 16/640, அதுல 20%, அதாவது 0.005. புது கிணத்துக்கு யூனிட் 704 ஏக்கர்னு போட்டிருந்தா அதே நிலத்துக்கு 0.004545 தான் வரும், அது திருட்டு இல்ல, ஆனா யூனிட் மேப்பை கேட்டு வாங்கி சரி பாருங்க. கணக்கு ஒத்து வந்தா கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. டெக்சாஸ்ல அது லீஸை மாத்தாது, 30 நாள் நோட்டீஸ் குடுத்து ரத்து பண்ணவும் முடியும், ஆனா கையெழுத்து இல்லாம கம்பெனி பணத்தை நிறுத்தி வைக்கலாம். நீங்க வீம்புக்கு வச்சிருக்கிற ஒவ்வொரு மாசமும் உங்க பணம் தான் அங்க கிடக்குது.

இப்ப உங்களை நிஜமா கடிக்கிற விஷயத்துக்கு வரேன். தேஞ்சுகிட்டே போற வருமானத்தை வச்சு தேயாத மாச கடனை ஏத்துக்கிட்டீங்க, அதுவும் அடுத்தவர் பேர்ல இருக்கிற பிளாட்டுக்கு. ஹெலாக் வட்டி 8%னு வச்சா மாசம் 400, மச்சானுக்கு 1,500, ஆக 1,900. செக்கும் 1,900, சரியாத்தானே இருக்குன்னு தோணும். ஆனா ராயல்டில யாரும் வரி பிடிச்சுட்டு அனுப்புறதில்ல. 15% டிப்ளீஷன் (கிணறு தேயறதுக்கு வரில குடுக்குற கழிவு) கழிச்சாலும் 1,615க்கு வரி, 22% பிராக்கெட்னா சுமார் 355. அது இப்பவே சம்பளத்துல இருந்து போகுது, கவுன்ட்டி மினரலுக்குப் போடுற ப்ராபர்ட்டி டாக்ஸ் தனி, ஹெலாக் அசல்ல ஒரு டாலர் கூட குறையல. அடுத்த வருஷம் செக் 1,000க்கு வந்தா மாசம் ஆயிரத்துக்கு மேல துண்டு விழும், பிணையா நிக்கிறது நீங்க குடியிருக்கிற வீடு.

மச்சான்கிட்ட பேசித்தான் ஆகணும். வீட்டம்மாவையும் பக்கத்துல வச்சுக்கிட்டு கால் பண்ணுங்க, இல்லன்னா "எங்க அண்ணனுக்கு செய்ய மனசில்ல"ன்னு பேச்சு வரும். மூணு மாசம் டைம் குடுங்க, அதுக்கப்புறம் இஎம்ஐ அவர் பொறுப்பு, முடியலன்னா பிளாட்டை வித்து லோனை அடைக்கட்டும், உங்க அட்வான்ஸ்ல கிடைக்கிறது திரும்பி வரட்டும். கேஸ் கிணறு இருக்குன்னு ஊர்ல தெரிஞ்சதுல இருந்து அவங்க மனசுல நீங்க அரபு ஷேக் மாதிரி ஆயிட்டீங்க, அதனால ஸ்டேட்மென்ட்டையே போட்டோ எடுத்து அனுப்புங்க, எத்தனை வார்த்தை சொன்னாலும் அந்த இறங்குற நம்பர் சொல்ற மாதிரி வராது.

விக்கிற யோசனையை இப்ப விடுங்க. மினரல் டீட் (மினரல் ரைட்ஸை விக்கிற பத்திரம்) எழுதிக் குடுத்தா இனிமே தோண்டப் போற கிணறும் சேர்ந்தே போயிடும், கடன் அவசரத்துல நிக்கிறவருக்கு நல்ல விலை யாரும் தரமாட்டாங்க. உங்க வட்டாரத்துல டாக்ஸ் மிச்சமாகும்னு சொல்லி டிரில்லிங் புரோகிராம்னு (புது கிணறு தோண்டுறதுல பணம் போட்டு பங்கு வாங்குறது) ஒண்ணு விக்கிறாங்களே, அதுவும் வேண்டவே வேண்டாம். ராயல்டிகாரருக்கு கிணறு ரிப்பேர் ஆனா பில் வராது, அந்த மாதிரி வொர்க்கிங் இன்ட்ரஸ்ட் (செலவுலயும் பங்கு) வச்சிருந்தா வரும்.

ரெண்டாவது கிணத்தோட முதல் செக்கும் இதே மாதிரி சேர்ந்து பெருசா வரும். அதுல வரிக்கு கால்வாசி எடுத்து வச்சுட்டு மிச்சம் முழுசா ஹெலாக் அசலுக்கு, அந்த தொகையை ஊர்ல யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். டிவிஷன் ஆர்டரை இந்த வாரமே, ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிட்டு, சர்டிஃபைட் மெயில்ல அனுப்புங்க.