பெயிண்டிங் செலவு என்று சொல்லி அட்வான்ஸைப் பிடிக்கலாமா?

கேள்வி: சென்னையில் ஒரு அபார்ட்மென்ட்டில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தேன். மாத வாடகை ரூ.18,000, அட்வான்ஸ் ரூ.1,50,000. காலி செய்து இரண்டு மாதம் கழித்து ஓனர் ரூ.80,000 மட்டும் அனுப்பினார். பெயிண்டிங்குக்கு இரண்டு மாத வாடகை ரூ.36,000, இரண்டு மாத நோட்டீஸுக்குப் பதில் ஒரு மாதம்தான் கொடுத்தேன் என்று ரூ.18,000, ரிப்பேர் ரூ.16,000 (புது கீஸர் 9,000, பாத்ரூம் குழாய் லைன் மாற்றியது 4,000, டேப், சுவிட்ச் 3,000) என்று வாட்ஸ்அப்பில் கணக்குச் சொல்கிறார். ஒப்பந்தத்தில் பெயிண்டிங் பற்றி ஒரு வரியும் இல்லை. 11 மாத ஒப்பந்தம், எங்கும் பதிவு செய்யவில்லை. "கணக்கு முடிந்தது" என்று எழுதிக் கொடுத்தால் இன்னும் ரூ.10,000 தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? – ஒரு வாசகி

பதில்: வாங்காதீர்கள். அந்த ஒரு வரியில் கையெழுத்துப் போட்டால் மீதி ரூ.60,000-ஐக் கேட்கும் வழியை நீங்களே அடைத்துக்கொள்வீர்கள். ஏற்கெனவே வந்த ரூ.80,000 "பகுதித் தொகையாகப் பெற்றேன், மீதி பாக்கி" என்று இன்றே அவருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 22.02.2019 முதல் புதிய வாடகைச் சட்டம் (2017-ஆம் ஆண்டுச் சட்டம்) நடைமுறையில் இருக்கிறது. அதன் 11-ஆவது பிரிவுப்படி, வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். பலர் நினைப்பதுபோல மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவே கூடாது என்பதல்ல. வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் தவிர என்ற விலக்கும் அதே பிரிவில் இருக்கிறது. உங்கள் அட்வான்ஸ் எட்டு மாத வாடகைக்கு மேல். நீங்களே ஒப்புக்கொண்டு கொடுத்ததால் அதை வைத்துச் சண்டை போட வேண்டாம். பிடித்தம் சரியா என்பதுதான் கேள்வி.

முதலில் பெயிண்டிங். எந்த ரிப்பேர் யாருடைய பொறுப்பு என்று இந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் ஓனர் பக்கம் இருக்கின்றன. மூன்று வருடம் குடியிருந்த வீட்டுச் சுவர் மங்குவதும், காலண்டர் மாட்டிய ஆணி ஓட்டை இருப்பதும் சாதாரணத் தேய்மானம். குழந்தை சுவர் முழுக்கக் கிறுக்கியிருந்தாலோ, நீங்கள் கேட்காமல் ஒரு அறைக்கு அடர் நிறம் அடித்திருந்தாலோ அது சேதம். அதற்கு மட்டும் செலவு கேட்கலாம். 'காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்கு' என்று ஒப்பந்தத்தில் எழுதி நீங்கள் கையெழுத்திட்டிருந்தால் வாதம் கடினமாகியிருக்கும். உங்கள் ஒப்பந்தத்தில் அது இல்லை. ஊர் வழக்கம் என்பது சட்டமாகாது. ரூ.36,000 முழுவதையும் கேளுங்கள்.

ரிப்பேரில் ஓனர் சொல்வது எல்லாமே தவறில்லை. டேப், சுவிட்ச் மாற்றுவது அட்டவணைப்படி உங்கள் பொறுப்பு. அந்த ரூ.3,000-ஐ விட்டுவிடுங்கள், ஓனருக்கு அனுப்பப்போகும் வக்கீல் நோட்டீஸிலும் அதை ஒப்புக்கொண்டு எழுதுங்கள், மற்ற கோரிக்கைக்கு அது வலு சேர்க்கும். குழாய் லைன் மாற்றுவது ஓனர் செலவு. கீஸர் பழுது பார்ப்பது உங்கள் தலையில்தான், ஆனால் பழைய கீஸரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிய விலையை உங்களிடம் பிடிப்பது பழுது பார்ப்பதாகாது. பில்லைக் கேளுங்கள், நியாயமான பழுதுக் கூலியை மட்டும் ஏற்கத் தயார் என்று சொல்லுங்கள்.

காலி செய்யும் நோட்டீஸுக்கான பாக்கியில்தான் உங்கள் பக்கம் பலவீனம். இரண்டு மாதம் என்று எழுதியிருக்க, ஒரு மாதம்தான் கொடுத்தீர்கள். ஆனாலும் வீடு எப்போது அடுத்தவருக்குப் போனது என்று விசாரியுங்கள். பத்து நாளில் புதுக் குடித்தனம் வந்திருந்தால் ஓனருக்கு ஒரு மாத நஷ்டம் ஏற்படவில்லை என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவை வைத்து வாதிடலாம். ஜெயிப்பது உறுதி என்று சொல்ல மாட்டேன்.

ஆக வக்கீல் நோட்டீஸில் ரூ.67,000 கேளுங்கள். நோட்டீஸ் பாக்கி, கீஸர் இரண்டிலும் நீங்கள் தோற்றாலும் ரூ.40,000 வர வேண்டும். சமரசம் பேசினால் அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

வக்கீல் நோட்டீஸை ஒப்புகையுடன் கூடிய தபாலில் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். காலி செய்த தேதி, சாவி யாரிடம் கொடுத்தீர்கள், அட்வான்ஸ் எந்தத் தேதியில் எந்தக் கணக்குக்குப் போனது, ஒவ்வொரு பிடித்தத்துக்கும் உங்கள் பதில், இவ்வளவும் அதில் வர வேண்டும்.

பதிவு செய்யாததுதான் உங்களுக்குள்ள பெரிய சிக்கல். 11 மாதம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு தேவையில்லை என்பது சரி. ஆனால் 2017 சட்டப்படி எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும்; அந்தப் பதிவு எண் இல்லாமல் இந்தச் சட்டத்தின் கீழ் போனால் எதிர்த்தரப்பு முதல் நாளே ஆட்சேபம் எழுப்பும். அதனால் ஒப்பந்தத்தை மட்டும் நம்பாமல் பணம் போன பதிவுகளை வலுவாக வையுங்கள். வங்கி ஸ்டேட்மென்ட்டை வங்கி முத்திரையுடன் வாங்குங்கள். "பெயிண்டிங்குக்கு 36,000 கழித்தேன்" என்று ஓனர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திதான் உங்கள் சிறந்த சான்று, ஏனெனில் அட்வான்ஸ் வாங்கியதையும் பிடித்ததையும் அவரே ஒப்புக்கொள்கிறார். ஃபோனை மாற்றினாலும் அந்த உரையாடலை அழிக்காதீர்கள். கோர்ட்டில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் இணைக்க வேண்டும்.

நோட்டீஸுக்கு அவர் மசியாவிட்டால் நேராக வழக்குக்குப் போகாமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் மக்கள் நீதிமன்றத்தில் முடித்து வைப்பார்கள். அந்த உத்தரவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஓனர் வரவே மறுத்தால் பணம் கோரி வழக்குப் போடுங்கள். தொகை தர வேண்டிய நாளிலிருந்து மூன்று வருடம் காலக்கெடு இருக்கிறது.

அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் சொத்து வரி ரசீதும் வில்லங்கச் சான்றும் ஓனர் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். "சாதாரணத் தேய்மானத்துக்கும் பெயிண்டிங்குக்கும் பிடித்தம் இல்லை" என்ற ஷரத்தை எழுத வைத்து, சாவி வாங்கும் அன்றே சுவர், கீஸர், குழாய், மின் மீட்டர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஓனருக்கே அனுப்பிவிடுங்கள்.