எங்க ஜவுளிக்கடை ஆஃபர் மெயிலுக்கு ஸ்பாம் கம்ப்ளைன்ட் வந்து அக்கவுன்ட்டை நிறுத்திட்டாங்க, இப்ப என்ன பண்றது?

ஆடித் தள்ளுபடிக்கு 14,000 பேருக்கு மெயில் போட்டிருக்கீங்க, மறுநாளே மெயில் சர்வீஸ்காரங்க அக்கவுன்ட்டை நிறுத்திட்டாங்க, "எல்லாருமே எங்க கடையில துணி எடுத்தவங்கதான், அப்புறம் இது எப்படி ஸ்பாம் ஆகும்"னு கேட்டிருக்கீங்க. நான் ஒரு ஹோஸ்டிங் கம்பெனில அப்யூஸ் டெஸ்க்ல ஆறு வருஷம் வேலை பார்த்தேன், இந்த மாதிரி புகாரைப் படிச்சு, விசாரிச்சு, அக்கவுன்ட்டைத் திறக்கலாமா வேணாமான்னு முடிவு பண்றதுதான் என் வேலையே, அதனால அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு, வேற கம்பெனில புது அக்கவுன்ட் ஓபன் பண்ணி அதே லிஸ்ட்டுக்கு மறுபடி அனுப்பிடாதீங்க. எல்லாரும் பண்றது அதுதான். உங்க டொமைனுக்கு, அதாவது மெயில் ஐடில @-க்கு அப்புறம் வர்ற பேருக்கு, கிடைச்ச கெட்ட பேரு நீங்க எங்க போனாலும் கூடவே வரும், சரி புது டொமைன் வாங்கிக்கலாம்னு போனீங்கன்னா நேத்து பொறந்த டொமைன்ல இருந்து இன்னிக்கு 14,000 மெயில் போகுது, நிஜமான ஸ்பாம்காரனும் அதையேதான் பண்றான்.

எத்தனை பேர் புகார் பண்ணா பிரச்சனைன்னு கேட்டீங்க. 2024 பிப்ரவரில இருந்து ஜிமெயில் வெளிப்படையா சொல்லிட்டாங்க, ஸ்பாம்னு அமுக்கறவங்க 0.1 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும், 0.3-ஐ தொடவே கூடாது. உங்க லிஸ்ட் முழுக்க ஜிமெயில்னு வச்சுக்கிட்டா 14 பேர் அமுக்கினாலே எச்சரிக்கை, 42 பேர்னா மெயில் போறதே கஷ்டம். யாஹூவும் அவுட்லுக்கும் பதிவு பண்ணி வச்சா யார் அமுக்கினாங்கன்ற புகாரை அனுப்புறவங்களுக்கே திருப்பித் தருவாங்க, அதுக்கு ஃபீட்பேக் லூப்னு பேரு. ஜிமெயில் ஆளைக் காட்டாது, அனுப்புறவங்களுக்காக அவங்க வச்சிருக்கற போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ்ன்ற பக்கத்துல சதவீதம் மட்டும்தான் தெரியும்.

இப்ப "எல்லாரும் கஸ்டமர்தான்"ன்ற விஷயத்துக்கு வரேன். உங்கள மாதிரியே ஒரு கடைக்காரர் எங்ககிட்ட சத்தியம் பண்ணாரு, ஒரு ஐடி கூட வெளிய வாங்கலன்னு. அவர் சொன்னது உண்மைதான். பில்லிங் சாஃப்ட்வேர்ல இருந்து லிஸ்ட்டை எக்செல்ல எடுத்துப் பார்த்தா ஒரே ஐடி 212 பில்லுல இருக்கு! என்னன்னு விசாரிச்சா, மெயில் ஐடி போடலன்னா பில்லு போகாத மாதிரி செட் பண்ணி வச்சிருக்காங்க, சனிக்கிழமை சாயங்காலம் இருபது பேர் வரிசையில நிக்கும்போது கஸ்டமர் "ஐடி எல்லாம் தர முடியாதும்மா"ன்னு சொல்லிடறாங்க, கவுன்ட்டர்ல இருக்கற பொண்ணு என்ன பண்ணும், கைக்கு வந்த ஒரு ஐடிய அடிச்சிட்டு பில்லைப் போட்டு அனுப்பிடுது. அது மேல தப்பே சொல்ல முடியாது. ஆனா அந்த ஐடிக்கு நிஜமாவே ஒரு ஆள் இருந்தாரு, வேற மாநிலத்துல, இந்தக் கடைய அவர் கண்ணால கூட பார்த்ததில்ல. யாரோ எடுத்த சேலைக்கும் வேட்டிக்கும் எட்டு மாசமா அவருக்கு பில்லு, பொங்கல் ஆஃபர், ஆடி ஆஃபர்னு வந்துக்கிட்டே இருந்திருக்கு. மூணு தடவை ரிப்ளை பண்ணி நிறுத்துங்கன்னு கெஞ்சியிருக்காரு, அது நோ-ரிப்ளை ஐடி, யாருமே படிக்கல. அதுக்கப்புறம்தான் ஸ்பாம் பட்டனை அமுக்கினாரு, எங்களுக்கும் எழுதினாரு. அந்த லெட்டரைப் படிச்சப்ப எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு, எட்டு மாசம் ஒருத்தர் கதவைத் தட்டியிருக்காரு.

அதனால உங்ககிட்ட ஐடி இருக்கறது வேற, அந்த ஆள் "அனுப்புங்க"ன்னு சொன்னது வேற. துணி எடுத்தவங்களுக்கு பில்லு அனுப்பலாம், ஆஃபர் அனுப்பணும்னா தனியா கேக்கணும். கவுன்ட்டர்ல அந்தக் கட்டாயத்தை இன்னிக்கே எடுத்துடுங்க. ஐடி குடுத்தவங்களுக்கு ஒரே ஒரு மெயில் போகட்டும், அதுல இருக்கற லிங்க்கை அவங்க அமுக்கினாதான் லிஸ்ட்ல சேரணும். லிஸ்ட் பாதியா குறையலாம், பரவால்ல. ரொம்ப வருஷப் பழைய ஐடிங்களையும் தூக்கிடுங்க, யாரும் யூஸ் பண்ணாம கைவிட்ட சில ஐடிங்களை பிறகு ஸ்பாம்காரங்களைப் பிடிக்கற பொறியா மாத்திடுவாங்க, ஸ்பாம்ஹவுஸ் மாதிரி ஸ்பாம் அனுப்புறவங்க பேரைப் பட்டியல் போடற பிளாக்லிஸ்ட்ல ஏறினா இறங்கறது பெரும்பாடு. மெயில் நிஜமாவே உங்க டொமைன்ல இருந்துதான் வருதுன்னு நிரூபிக்கற எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்ன்ற செட்டிங் மூணையும் உங்க டெக்னிக்கல் ஆளை விட்டு சரி பண்ணச் சொல்லுங்க, ஒரு நாள் வேலை.

அன்சப்ஸ்கிரைப் லிங்க்கை அடியில பொடி எழுத்துல ஒளிச்சு வைக்காதீங்க, லாகின் கேக்காதீங்க. ஒரு நாளைக்கு 5,000 ஜிமெயில் ஐடிக்கு மேல அனுப்புற ஆளுன்னா ஒரே அமுக்குல வெளிய போற வசதி இருந்தே ஆகணும், ரெண்டு நாளைக்குள்ள நிறுத்தவும் செய்யணும். அமெரிக்கால 2003 சட்டப்படியே 10 வேலை நாள்தான் டைம். நம்ம நாட்டுல எஸ்எம்எஸ்ஸுக்கும் ஃபோன் காலுக்கும் டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தோட விதி இருக்கு, 1909-ல புகார் பண்ணலாம், மெயிலுக்கு அப்படி தனியா இல்ல, ஆனா 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் குடுக்கறது எவ்வளவு சுலபமோ அதைத் திரும்ப வாங்கறதும் அவ்வளவு சுலபமா இருக்கணும்னு சொல்லுது.

புகார் வந்த ஐடிய லிஸ்ட்ல இருந்து வெறுமனே டெலீட் பண்ணாதீங்க, இங்கதான் நிறைய பேர் மாட்டறாங்க. அடுத்த மாசம் பில்லிங்ல இருந்து லிஸ்ட்டை மறுபடி ஏத்தும்போது அந்த ஐடி திரும்ப உள்ள வந்துடும். "இவங்களுக்கு எப்பவும் அனுப்பக் கூடாது"ன்னு தனி லிஸ்ட் ஒண்ணு வச்சு, ஒவ்வொரு தடவை அனுப்பறதுக்கு முன்னாடியும் அதோட ஒப்பிட்டுக்கோங்க. பட்டனை அமுக்கினவங்களுக்கு சாரின்னு கூட மெயில் போடாதீங்க, அதுவும் அவங்களுக்கு இன்னொரு தொல்லைதான். அவங்களே உங்களுக்கு எழுதியிருந்தா மட்டும் ஒரு தடவை, ஒரு மனுஷன் எழுதற மாதிரி, ஐடி எங்கருந்து வந்துச்சு, எடுத்துட்டோம்னு பதில் போடுங்க.

சர்வீஸ்காரங்களுக்கு எழுதும்போது "எதிர்க்கடைக்காரன் பண்ற வேலை சார்"னு எழுதாதீங்க, அந்த மாதிரி பதிலுக்கு நான் ஒரு அக்கவுன்ட்டைக் கூட திறந்ததில்ல. லிஸ்ட் எங்கருந்து வந்துச்சு, தேடினதுல என்ன கிடைச்சது, என்ன மாத்தினீங்கன்னு நேரா எழுதுங்க. மேல சொன்ன கடைக்காரர் 212 பில்லு விஷயத்தை அப்படியே எழுதி கவுன்ட்டர் ஸ்கிரீனோட ஃபோட்டோவையும் சேர்த்து அனுப்பினாரு, அன்னிக்கு மத்தியானமே திறந்து விட்டேன்.

நீங்களும் அந்த 14,000-ஐ எக்செல்ல போட்டு ஐடி வாரியா சார்ட் பண்ணிப் பாருங்க, எந்த ஐடி திரும்பத் திரும்ப வருதோ அங்கருந்து ஆரம்பிங்க.